ஊசிக்கு முன் ஒரு கேள்வி

என் செல்ல மகனுக்கு,

நாளைக் காலையில் பருத்தித்துறையிலிருந்து வரும் முதல் பஸ்ஸைப் பிடித்து, நீ வேலைசெய்யும் ஆஸ்பத்திரிக்கு நான் வரப்போகிறேன். உனக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை, கத்தரிக்காய்க் குழம்பும் மீன் பொரியலும் கட்டாயம் வரும். ஆனால் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே இந்தக் கடிதமும் இருக்கும். தொலைபேசியில் சொல்ல வெளிக்கிட்டால் இரண்டாவது வசனத்திலேயே நீ என்னை மறித்துவிடுகிறாய். முப்பத்து மூன்று வருடம் தபால் கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருந்து ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். ஒருவரும் குறுக்கே விழாமல் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லவேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா வாழைக்கு இறைத்துக்கொண்டிருக்கிறார், மோட்டர் சத்தம் நிற்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், பயம் பிறகு வரட்டும். புதன்கிழமை நீ தொலைபேசி எடுத்து, "அம்மா, மருந்து வந்திட்டுது, திங்கள் தொடங்கிறம்" என்றாயே, அன்று தொடக்கம் எனக்குக் கால் நிலத்தில் இல்லை. உடம்பில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்று அளக்கிற பரிசோதனைக்குக் கொழும்புக்கு ரயில் ஏறிய சனம் இனி நீர்வேலியிலிருந்து பஸ் ஏறினால் போதும். அதைச் செய்யப்போவது என் மகன்! மீன்காரருக்குச் சொன்னேன், சங்கக்கடைப் பிள்ளைக்குச் சொன்னேன், சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மனிசனுக்கும் சொன்னேன். "மகன் டொக்டரோ அக்கா?" என்று அவர் கேட்டார். "இல்லை, டொக்டருக்குக் கணக்குச் சொல்லுற ஆள்" என்றேன். அவர் கொஞ்சம் பயந்துதான் போனார். அப்பா என்னைக் கேலி செய்கிறார். ஆனால் உன் படத்தைத் தொலைபேசியில் எடுத்துவைத்து ஆட்களுக்குக் காட்டுவது அவர்தான், நான் இல்லை.

இந்தக் கணக்கை நீ எங்கே படித்தாய் என்று உன் பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உயர்தரம் படித்த வருடம், கிணற்றடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று அப்பாவோடு நீ வாக்குவாதப்பட்டாய். அளவு நாடாவால் அளக்கச் சொன்னார் அவர். தொட்டியின் அடி கரடுமுரடு, ஒரு மூலை சரிவு, நாடா பொய் சொல்லும் என்றாய் நீ. வெள்ளைச் சட்டைகளுக்கு நான் வைத்திருந்த நீலத்தை எடுத்து, கோப்பையில் அளந்து கரைத்து, தொட்டிக்குள் ஊற்றித் துழாவி, ஒரு போத்தலில் கொஞ்சம் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நீலம் எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் கூட என்பது உன் கணக்கு. கணக்கு முடியமுதல் அப்பா வந்து தன் கலியாண வீட்டு வேட்டியை அதற்குள் தோய்த்துவிட்டார். வானத்து நிறத்தில் வேட்டி கட்டிக்கொண்டு உடுப்பிட்டிக் கலியாணத்துக்குப் போன ஒரே மனிதர் அவர்தான்.

அன்று உன் கணக்கும் பிழைத்தது, ஞாபகமோ? வாளியால் அள்ளி அளந்தபோது, நீ சொன்னதைவிடத் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாய். பிறகு கழுவாமல் கிடந்த கோப்பையைக் கண்டாய். அதன் அடியில் நீலம் கட்டியாக ஒட்டிக்கிடந்தது. தொட்டிக்குள் போகாத நீலத்தைப் போனதாகக் கணக்கெடுத்திருந்தாய். புதன்கிழமை நீ எனக்கு விளக்கிய எல்லாவற்றிலும் எனக்கு உடனே விளங்கியது அந்த இடம்தான். "அம்மா, இதுவும் அந்த நீலம் மாதிரித்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாது. இரத்தத்திலை இருக்கிற புரதம் ஒண்டிலை கதிர் வீசுற அயடீனைத் துளியளவு சேத்திருக்கும். ஒரு கையிலை ஊசியாப் போட்டு, நேரம் பாத்து மற்றக் கையிலை இரத்தம் எடுத்து எண்ணுறது. ஊசியைப் போட முன்னமும் அளப்பம், போட்டாப் பிறகு சிறிஞ்சிலை ஒட்டினதையும் அளப்பம்" என்றாய். ஒட்டியதையும் அளப்போம் என்று நீ சொன்னபோது என் நீலக் கோப்பை வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ சொன்ன மற்றவையும் எனக்குப் பாடம். கையுறை போடாமல் அந்தப் போத்தலைத் தொடாதே. தொண்டைச் சுரப்பியைக் காக்கும் அயடீன் துளி மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டாலும், குடித்தார்களா, கைப்பு என்று வாழையடியில் ஊற்றினார்களா என்று கேள். நம்முடைய சனம் ஊற்றும். ஊசி நரம்பை விட்டு விலகிச் சதைக்குள் போனால், வந்த இலக்கத்தை நம்பாதே, வெட்கப்படாமல் பிழைத்துவிட்டது என்று எழுது. பால் கொடுக்கிற தாயா என்று கேள். கிட்டடியில் வேறு கதிர் மருந்து போட்டார்களா என்று கேள். பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். இவ்வளவையும் நீ எனக்குச் சொன்னதை நான் உனக்கே திருப்பிச் சொல்கிறேன், அம்மா என்றால் அப்படித்தான். மருந்தை அளக்க உன்னிடம் மெசின் இருக்கிறது, நேரத்தை அளக்க மணிக்கூடு இருக்கிறது. ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் ஒரு "இல்லை"யை அளக்க மட்டும் உன்னிடம் ஒன்றும் இல்லை. நான் பயப்படுவது அதற்குத்தான்.

பக்கத்து வளவுப் பவளமக்காவின் மருமகள் கஜந்தியை உனக்குத் தெரியும். கலியாணம் முடித்து வந்து இன்னும் வருடம் ஆகவில்லை. அவளுக்கு இரண்டு முறை இரத்தம் பார்த்ததில் சிவப்பணு கூடிக் காட்டுகிறதாம். உண்மையிலேயே கூடியிருக்கிறதா, இரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றியதால் கூடினமாதிரித் தெரிகிறதா என்று பார்க்க, நாளைக்கு உன்னிடம் வருகிறாள். பவளமக்காவே வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னா. "திங்கட்கிழமை உங்கடை மகனட்டைத்தான் வாறம். நான் பக்கத்திலையே நிண்டு வடிவாப் பாப்பன், நீ யோசிக்காதை தங்கச்சி" என்றா. நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஏனென்றால் இரண்டு கிழமைக்கு முன் அந்தப் பிள்ளைக்கு ஒரு பப்பாப்பழம் கொடுத்தேன். பப்பாப்பழம் என்றால் உயிரை விடுகிறவள். "தாங்கோ அன்ரி" என்று சிரித்து வாங்கினாள். பின்னேரம் பார்த்தால் அவர்களுடைய ஆடு அதைத் தின்றுகொண்டிருக்கிறது. பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் வாழைகளுக்குப் பின்னால் போய்க் குமட்டிச் சத்தி எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல வருகிறாள். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம். ஆனால் மூன்று மாதம் முடியமுதல் அவளும் சொல்லமாட்டாள், நானும் கேட்கக் கூடாது. கேட்டால் நாவூறு. ஏதும் ஆகிவிட்டால், வாய் வைத்தவள் நான்தான் என்று சாகும்வரை சொல்லுவார்கள். தனியாகப் பிடித்துக் கேட்கலாம் என்றால் பவளமக்கா அவளை ஒரு நிமிடம் விட்டு அகலுவதில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை உனக்கு எடுத்தேன். "தம்பி, திங்கட்கிழமை வாற ஒரு பிள்ளையைப் பற்றி" என்று தொடங்கினேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, அங்கை வாற ஆக்களைப் பற்றி நீங்கள் எனக்குக் கதைக்க வேண்டாம், நானும் உங்களுக்குக் கதைக்க மாட்டன். சாப்பிட்டியளோ?" எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடவே இல்லை. பிறகு யோசித்தபோது பெருமையாகவும் இருந்தது. ஆனால் பெருமைப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதற்குக் காரணம் கஜந்தி மட்டும் இல்லை. இனி எழுதப்போவதை அப்பாவுக்குக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன் நாங்கள் கொழும்பில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே வேலை, எனக்கும் ஒரு தபால் கந்தோரில் இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் அம்மா, என் மாமி, எங்களோடு இருந்தா. எனக்கு முதலில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு முறையும் நாள் தள்ளிப்போன கையோடு சந்தோஷத்தில் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தோம். மாமி அதைத்தான் பிடித்துக்கொண்டா. "வாய் வைச்சுத்தான் போனது. இனி மூண்டு மாசம் முடியாமல் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்றா. அந்தக் காலத்தில் யன்னலடியில் எழும்பி நின்றால் எனக்குத் தலை சுற்றும், இரண்டு முறை விழுந்தும் இருக்கிறேன். உடம்பில் இரத்தத்தின் அளவு குறைவோ என்று பார்க்க டொக்டர் எழுதிக் கொடுத்தார். ஆம், இதே பரிசோதனைதான். மாமிதான் கூட்டிக்கொண்டு போனா.

அந்த இடத்தின் பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் சனம். ஒரு பெண் படிவத்தோடு வந்து நின்றபடியே கேட்டா. "வயித்திலை பிள்ளை ஏதும் இருக்குதோ?" என் வலப்பக்கத்தில் மாமி. எனக்கு அன்றைக்கு நாள் தள்ளி ஏழு நாள். ஒருவருக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை, இந்த முறை வாய் திறக்காமல் உன்னைக் காப்பாற்றிவிடவேண்டும் என்று எனக்குள்ளேயே பொத்திவைத்திருந்தேன். மாமி என் முகத்தைப் பார்த்தா, படிவக்காரி என் முகத்தைப் பார்த்தா. "இல்லை" என்றேன். எத்தனை நிமிடம் யோசித்தேன் என்று நினைக்கிறாய்? ஒரு மூச்சுக்கூட இல்லை. அவ கோடு போட்டா, ஊசி ஏறியது. உள்ளே நீ இருந்தாய், மகனே.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் பொய்யைச் சொன்னேன். அயடீன் என்ன செய்யும், தொண்டைச் சுரப்பியில் போய் எப்படித் தங்கும் என்றெல்லாம் எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு புத்தகத்தில் வாசித்துவிட்டு, மாமி காணாமல் அதை மறைத்துவைத்தேன். ஐந்தாம் மாதம்தான் தைரியம் வந்து பிள்ளைப்பேற்று டொக்டரிடம் தனியாக அழுதேன். அவர் கோபிக்கவில்லை. "அளவு மிகக் குறைவு. அந்த நாளிலை பிள்ளையின்ரை சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. ஆனா சொல்லியிருக்க வேணும் அம்மா, நாங்கள் பொறுத்திருப்பம்" என்றார். நீ பிறந்ததும் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்று காகிதம் வந்தது. அந்தக் காகிதம் இன்னும் என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

காகிதம் சரி என்றாலும் கை கேட்கவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது குளிப்பாட்டும் சாட்டில் உன் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். வளர்ந்த பிறகு சட்டைக் கொலரைச் சரிசெய்யும் சாட்டில் பார்ப்பேன். பட்டமளிப்பு விழாவில்கூட, படம் எடுக்கிறவன் காத்துக்கொண்டு நிற்க, என் விரல் உன் தொண்டைக்குழிக்குப் போயிற்று. "ஏன் அம்மா எப்ப பாத்தாலும் கழுத்தைப் பிடிக்கிறியள், என்னை நெரிக்கப் போறியளோ?" என்று சிரித்தாய். ஏன் என்று இப்போது தெரிந்துகொண்டாய். என்னை மன்னி.

ஆகவே நான் சொல்வதைக் கேள். படிவத்தில் கேள்வி இருக்கிறது, கோடும் இருக்கிறது. ஆனால் யார் பக்கத்தில் நிற்கக் கேட்கிறாய் என்று படிவத்தில் இல்லை. என் தபால் கந்தோர் யன்னலில் எத்தனை பெண்கள் வரிசை கலைந்து போகும்வரை சுவரோடு நின்றுவிட்டு, பிறகு வந்து குனிந்து ரகசியமாகக் கேட்பார்கள் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்ததா என்ற ஒரு சின்னக் கேள்வியைக்கூட மாமியார் முன்னால் கேட்கமாட்டார்கள். மாமியாரை வெளியே இருத்து. புருஷன் வந்தால் அவனையும் இருத்து. ஒரு நேர்ஸ் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக, இருந்து கேள். "இல்லை" என்று கெதியாக வந்தால் இன்னொரு முறை கேள். கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று நாள் கேள். சந்தேகம் என்றால் சிறுநீர் சோதித்துப் பார். அந்தப் பரிசோதனை ஒரு மாதம் பிந்தினால் உலகம் கவிழ்ந்துவிடாது. மோட்டர் சத்தம் நின்றுவிட்டது. மிச்சம் நாளைக்கு நேரில்.

திங்கட்கிழமை, பின்னேரம்.

மிச்சத்தை நேரில் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். உனக்குத் தெரியாமல் இன்று என்ன நடந்தது என்று கேள். வழியில் பஸ் பழுதாகி அரை மணித்தியாலம் நின்றது. நடத்துநரைப் பேசினேன், சாரதியைப் பேசினேன், இறங்கி ஆட்டோ பிடித்து வந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் ஓடி ஏறியபோது குழம்பு கிண்ணத்துக்கு வெளியே வந்துவிட்டது, அதுதான் சோற்றில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள். உன் பிரிவுக் கதவடிக்கு வந்து பார்த்தால், வெளியே வாங்குப் பலகையில் பவளமக்கா தனியாக இருக்கிறா! கைப்பை மடியில், முகம் ஊதிப்போய்.

"பாத்தியே தங்கச்சி, உன்ரை மகன் என்னை வெளியிலை போய் இருக்கட்டாம்! நான் ஆரெண்டு தெரியாதோ அவனுக்கு? தூக்கி வளத்தனான்!" என்றா. "எல்லாருக்கும் உதே சட்டமாம். உள்ளுக்கை நோயாளி மட்டும்தானாம். என்ன சட்டம் உது?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நல்ல சட்டம் அக்கா" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்துகொண்டேன். கடிதம் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. கதவில் நீ ஒட்டியிருந்த அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நோயாளியுடன் வருபவர்கள் வெளியே அமரவும் என்று உன் கோணல் கையெழுத்தில் இருந்தது. யார் உனக்கு இதைச் சொல்லித் தந்தார்கள்? நான் இல்லை. நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அதை ஒட்டிவிட்டாய்.

கஜந்தி வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் விரிந்திருந்தது. நான் முதலில் பார்த்தது அவளுடைய இரண்டு முழங்கைகளையும்தான். பஞ்சும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை. "இண்டைக்கு ஊசி போடேல்லை மாமி, பேந்து ஒரு நாள் பாப்பமாம்" என்று பவளமக்காவுக்குச் சொன்னாள். "ஏனாம்?" "தண்ணி காணாதாம். நல்லாக் குடிச்சிட்டு வரட்டாம்." அது பொய்யும் இல்லை. பிறகு நீ வந்தாய், சாப்பாட்டுப் பெட்டியை வாங்கினாய், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் என்னிடம் சொல்லவில்லை. என் கை தானாக உன் கழுத்துக்குப் போயிற்று. "அம்மா! ஆக்கள் பாக்கினம்" என்றாய். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, வேலிக்கு அந்தப் பக்கத்தில் கஜந்தி. பவளமக்கா குளிக்கப் போன நேரம். "அன்ரி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன், மூண்டு மாசம் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். நீ முதலில் கேட்டபோது இல்லை என்று சொன்னாளாம். நீ கோடு போடாமல் பேனையை மூடி வைத்துவிட்டு, "அக்கா, இந்த அறைக்கை சொல்லுறது வெளியிலை இருக்கிற ஒருத்தருக்கும் வராது. அவசரம் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாயாம். அதற்குப் பிறகு நேர்ஸ் பிள்ளையின் தோளில் சாய்ந்து அழுதாளாம். சத்தி எடுத்து எடுத்து நீர் வற்றித்தான் இரத்தம் தடித்துக் காட்டியிருக்கக்கூடும் என்று உங்கள் டொக்டர் சொன்னாராம். சொல்லிவிட்டு அவள் ஓடிப்போனாள். நான் உள்ளே வந்து இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

இந்தக் கடிதத்தை இனி உனக்குத் தரவேண்டிய தேவை இல்லை. எச்சரிக்க வேண்டிய ஆளுக்கு எச்சரிக்கை வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன், ஏனென்றால் நடுவில் உள்ள அந்த "இல்லை" உனக்குச் சேரவேண்டியது. அன்று அந்த நடைபாதையில் யாராவது மாமியை ஒரு வாங்கில் இருத்திவிட்டு, பேனையை மூடி வைத்துவிட்டு, அவசரம் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அன்று என் வயிற்றுக்குள் இருந்த நீ, இன்று இன்னொருத்தியிடம் அப்படிக் கேட்டிருக்கிறாய்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. பப்பாப்பழம் பழுத்திருக்கிறது, இந்த முறை அது ஆட்டுக்குப் போகாது. வாசலில் நின்று கொஞ்சம் குனி, கழுத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறேன்.

உன் அம்மா